எண்பத்தொன்றில் திறந்த இரண்டு கதவுகள்



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும் என்று சங்கத்து அண்ணை கேட்டபோது, சோழர் காலமோ யாழ்ப்பாண இராச்சியமோ எழுதித் தருவேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அவற்றை எழுத என்னிலும் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் ஏ.எல். எடுத்த கையோடு நாட்டைவிட்டு வெளிக்கிட்டவன். இன்று பாரிசுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். ஆகவே எங்கட வீடுகளில் நாளாந்தம் பிரச்சினையாக இருக்கிற ஒரு விஷயத்தின் வரலாற்றையே எழுத எடுத்துக்கொண்டேன். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? இந்தக் கேள்விக்கு பிரான்சில் 180 வருடத்து வரலாறு உண்டு. எங்களைப் போன்ற சாதாரண பெற்றோர் தாங்களே கூடிச் செய்த வேலையும் அதில் உண்டு. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிறெஷ் பிறந்த கதை

'கிறெஷ்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மாட்டுத் தொழுவத்தில் தீனி வைக்கும் தொட்டி என்பதே முதற் பொருள். யேசு பாலனைக் கிடத்தியது அப்படியொரு தொட்டியில் என்பதால், ஏழைக் குழந்தைகளைப் பகலில் வைத்துப் பார்க்கும் இடத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. இதைத் தொடங்கியவர் ஃபிர்மன் மார்போ என்பவர். பாரிஸ் வட்டாரம் ஒன்றின் துணை மேயராக இருந்தவர். 1844 நவம்பர் 14 இல் ஷையோ பகுதியில் முதலாவது கிறெஷ் திறக்கப்பட்டது. தாய் நாளொன்றுக்கு 20 சந்தீம் கட்ட வேண்டும். வேலை இடைவேளையில் வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போகலாம். விடியற்காலை ஐந்தரைக்குத் திறந்து இரவு எட்டரைக்குத்தான் பூட்டுவார்கள். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, யோசனையும் வந்தது. இன்று அநேக கிறெஷ்கள் காலை ஏழரை மட்டில்தான் திறக்கின்றன. ஆறு மணி வேலைக்குப் போகிறவனுக்கு 1844 ஆம் ஆண்டு வசதியாக இருந்திருக்கும் போல!

ஆனால் அந்த வசதிக்குப் பின்னால் சில நிபந்தனைகள் இருந்தன. தாய் ஏழையாக இருக்க வேண்டும், வெளியே வேலை செய்ய வேண்டும், நல்ல ஒழுக்கமுள்ளவளாகவும் இருக்க வேண்டும். அவளுக்கு உதவி செய்தவர்கள் வசதியான குடும்பத்தவர்கள். அது தருமம். தருமம் வாங்குகிறவள் தன் பிள்ளைக்கு என்ன தேவை என்று சொல்வதற்கு அங்கே இடமில்லை.

அந்தக் காலத்தில் எங்கட லாச்சப்பல் பாரிசுக்குள் இல்லை. நகருக்கு வெளியே தனிக் கிராமமாக இருந்தது. 1846 இல் கார் து நோர் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. 1860 இல் இந்தக் கிராமம் பாரிசோடு சேர்க்கப்பட்டது. ரயில் பாதையை ஒட்டித் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தன. பிள்ளை பார்க்க ஆளில்லாத தாய்மார், பிறந்த குழந்தையை நாட்டுப்புறத்தில் காசுக்குப் பால் கொடுக்கிற பெண்களிடம் அனுப்பிவிட்டு வேலைக்குப் போவார்கள். அப்படிப் போன பிள்ளைகளில் பெருந்தொகையினர் திரும்பி வரவில்லை. இறப்புகள் அவ்வளவு கூடியதால்தான் 1874 டிசம்பரில் அக்குழந்தைகளைக் கண்காணிக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். வைத்தியர் தெயோஃபில் ரூசெல் கொண்டுவந்தபடியால் அதற்கு ரூசெல் சட்டம் என்று பெயர். பின்னர் 1881 இல் 'எக்கோல் மத்தேர்னல்' என்ற பாலர் பள்ளி முறை வந்தது. 1945 நவம்பர் 2 இல் தாய் சேய் பாதுகாப்புச் சேவை வந்தது. நாங்கள் பிள்ளைக்கு ஊசி போடக் கொண்டு போகிற பி.எம்.ஐ. தான் அது.

மேலிருந்து வந்ததும் ஊருக்குள் கூடியதும்

இவையெல்லாம் நல்ல வேலைகள்தான். ஆனால் எல்லாம் மேலே இருந்தவர்கள் யோசித்துக் கீழே இருந்தவர்களுக்குச் செய்தவை. எங்கட நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. மலையகத் தோட்டங்களில் 'பிள்ளைக்காம்பரா' என்று ஒன்று இருந்ததைப் பலர் அறிந்திருப்பீர்கள். கொழுந்து பறிக்கப் போகிற தாய் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மலைக்கு ஏறுவாள். பிள்ளையைப் பார்க்க ஓர் ஆயா இருப்பார். இன்று அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், வசதிகளும் கூடியிருக்கின்றன. ஆனால் தொடக்கத்தில் அது தோட்ட நிர்வாகத்தின் இடம். கைகள் கொழுந்து பறிக்க வேணும் என்பதற்காகவே பிள்ளை பார்க்கப்பட்டது.

வடக்கில் வேறொரு வழக்கம் இருந்தது. கிராமத்துச் சனசமூக நிலையத்தில் பேப்பர் வாசிக்கிற மண்டபத்தின் பக்கத்திலேயே பாலர் பாடசாலையும் நடக்கும். ஊரார் சந்தா சேர்ப்பார்கள். வெளியூரில் இருக்கிறவர் கதிரை வாங்கித் தருவார். படித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஒரு பிள்ளை ரீச்சராக வரும். கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் வாசிப்பார்கள், அங்கே சண்டையும் பிடிப்பார்கள். பெரிய வசதி இல்லாவிட்டாலும், அது எங்கட பள்ளிக்கூடம் என்று சொல்ல அந்த ஊர்த் தாய்க்கு உரிமை இருந்தது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

காட்டுக் கிறெஷ்

1968 மே மாதம் பாரிஸில் மாணவர் கிளர்ச்சி நடந்ததை அறிவீர்கள். மாணவர்கள் சோர்போன் பல்கலைக்கழகத்தைக் கைப்பற்றி இருந்தபோது, பிள்ளையோடு வந்த தாய் தகப்பன்மாரும் இருந்தார்கள். கூட்டத்துக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? உள்ளேயே ஓர் அறையைப் பிடித்துப் பிள்ளைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். கிளர்ச்சி அடங்கிவிட்டது, ஆனால் அந்த யோசனை அடங்கவில்லை. எழுபதுகளில் பல இடங்களில் பெற்றோர் கூடி, அரசாங்க அனுமதி இல்லாமலே இப்படியான இடங்களை நடத்தினார்கள். அவற்றைக் 'காட்டுக் கிறெஷ்' என்று அழைத்தார்கள். ஒழுங்குக்குள் வராதது என்பதுதான் பொருள்.

அக்காலத்து அரச கிறெஷ்களில் பெற்றோர் வாசலோடு நிற்க வேண்டும். வெள்ளைச் சட்டை போட்ட ஆட்கள் பிள்ளையை வாங்கி உள்ளே கொண்டுபோவார்கள். சுகாதாரம்தான் முதல் கவலை. பெற்றோர் அமைத்த இடத்திலோ தகப்பன் சமைப்பார், தாய் கணக்கு எழுதுவார், வார இறுதியில் எல்லாரும் சேர்ந்து சுவருக்கு வண்ணம் பூசுவார்கள். 1980 இல் இப்படியான குழுக்கள் ஒன்று சேர்ந்து ஒரு தேசியச் சங்கத்தை அமைத்தன. அதுதான் இன்று 'ஆசெப்' என்று அறியப்படுகிற, பிள்ளைகள், பெற்றோர், தொழில் பயின்றோர் ஆகிய முத்தரப்புக் குழுக்களின் சங்கமாகும். அடுத்த வருடம், 1981 ஓகஸ்ட் 24 இல், அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை மூலம் பெற்றோர் நடத்தும் கிறெஷை அங்கீகரித்தது. காட்டில் நின்றது வீட்டுக்குள் வந்தது.

இரண்டு கதவுகள்

அதே 1981 இல் இன்னொன்றும் நடந்தது. அதைத்தான் எங்கட ஆட்கள் முக்கியமாக அறிய வேண்டும். இந்த நாட்டில் சங்கம் அமைக்கும் உரிமை 1901 ஜூலை 1 சட்டத்தால் வந்தது. ஆனால் 1939 ஏப்ரல் 12 இல் வந்த ஓர் ஆணை, வெளிநாட்டார் சங்கம் அமைப்பதென்றால் உள்நாட்டு அமைச்சரின் முன் அனுமதி வேண்டும் என்று வைத்தது. அரசு விரும்பாத சங்கத்துக்கு அனுமதி கிடைக்காது. நாற்பது வருடத்துக்கு மேல் இந்த நிலைமைதான். 1981 மே மாதம் மித்தரோன் ஜனாதிபதியாகத் தெரிவானார். அக்டோபர் 9 இல் வந்த சட்டம் அந்த ஆணையை நீக்கியது. அன்றிலிருந்து வெளிநாட்டவரும் பிரெஞ்சுக்காரரைப் போலவே பிரெபெக்துயூரில் பதிந்து சங்கம் தொடங்கலாம்.

ஓகஸ்டில் ஒரு கதவு, அக்டோபரில் ஒரு கதவு. இரண்டு வருடம் கழிய 1983 ஜூலை வந்தது. கொழும்பில் வீடு எரிந்தவர்களும், ஊரில் இருக்க முடியாதவர்களும் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். ஒரு பகுதியினர் கார் து நோரில் வந்து இறங்கினார்கள். லாச்சப்பலில் ஒரு றூமில் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் என்று இருந்தார்கள். 1985 இல் மாணிக்கப் பிள்ளையார் கோவில் தொடங்கியது. ஃபோபூர் சந் தெனியிலும் ரூ காயிலும் எங்கட கடைகள் ஒவ்வொன்றாக வந்தன. அக்டோபரில் திறந்த கதவால் நாங்கள் தாராளமாக உள்ளே போனோம். தமிழ்ப் பாடசாலைகள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோவில் சபைகள், விளையாட்டுக் கழகங்கள் எல்லாம் 1901 சட்டத்தின் கீழ் பதியப்பட்டவைதான். இந்த மலரைக் கொண்டுவருகிற சங்கமும் அப்படித்தான்.

ஓகஸ்டில் திறந்த கதவை எங்கட ஆட்கள் அதிகம் தட்டவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் தனி இளைஞர்கள். கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தபோது விசா, வீடு, கடன், ஊருக்கு அனுப்பும் காசு என்று தலைக்கு மேல் வேலை. பிள்ளைக்கு ஐந்து வயதானால் தமிழ் மறந்துவிடும் என்ற பயம் வந்து தமிழ்ப் பாடசாலை கட்டினோம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை அம்மாவின் மடியில்தானே என்று இருந்துவிட்டோம். ஊரில் அந்த மடிக்கு உதவியாக அம்மம்மாவின் மடி, அப்பம்மாவின் மடி, பக்கத்து வீட்டு அக்காவின் மடி என்று நாலைந்து மடி இருந்தது. இங்கே ஒரே ஒரு மடி, ஐந்தாம் மாடியில்.

எங்கட வீட்டு நிலைமை

நான் விடிய முதல் ரயிலுக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் மூன்று மணிக்கு வருவேன். மனைவி நாலு மணிக்கு அலுவலகம் துப்புரவாக்கும் வேலைக்குப் போவார். வாசலில் பிள்ளையைக் கைமாற்றுவோம். ரயில் பிந்தினால் ஆருக்கோ ரெலிபோன் அடித்துக் கெஞ்ச வேண்டும். மனைவிக்கு பிரெஞ்சு வகுப்புக்குப் போக ஆசை. வகுப்பு காலையில், பிள்ளையைக் கொண்டு போக முடியாது. நாலு வருடம் அப்படியே போய்விட்டது. நான் பழகுகிற பல குடும்பங்களில் இதே கதைதான். சிலர் காசு கொடுத்துத் தெரிந்த ஒரு அக்காவிடம் விடுகிறார்கள். அந்த அக்காவுக்குப் பதிவு இல்லை, ஓய்வூதியம் இல்லை, பிள்ளை விழுந்தால் காப்புறுதியும் இல்லை.

என் மகள் மூன்று வயதில் மத்தேர்னலுக்குப் போனாள். 2019 ஜூலையில் வந்த சட்டத்தின்படி மூன்று வயதிலிருந்தே படிப்பு கட்டாயம். முதல் இரண்டு மாதம் அங்கே அவள் வாயே திறக்கவில்லை. காது கேட்குமா என்று சோதிக்கச் சொல்லிக் கடிதம் தந்தார்கள். வீட்டில் இரவு பத்து மணி மட்டும் தமிழில் ஓயாமல் கதைக்கிற பிள்ளை! காதில் ஒரு குறையும் இல்லை. இரண்டு மொழியும் கேட்கிற ஓர் இடத்தில் அவள் ஒரு வருடமாவது இருந்திருந்தால் அந்தச் சோதனை தேவைப்பட்டிராது.

இதில்தான் பெற்றோர் கிறெஷின் பெறுமதி தெரிகிறது. ஆசெப் எண்பதுகளிலேயே வெளிநாட்டுக் குடும்பங்கள் வாழும் வட்டாரங்களில் வேலை செய்யத் தொடங்கியது. பிள்ளையின் வீட்டு மொழியை வாசலில் கழற்றி வைக்கத் தேவையில்லை, தாயே உள்ளே வந்து தன் மொழியில் தாலாட்டலாம் என்பது அவர்களின் கொள்கை. பிள்ளையோடு வந்த தாய் பிரெஞ்சு பழகினாள். கூட்டத்தில் கை தூக்கிக் கதைக்கப் பழகினாள். குழந்தைப் பராமரிப்புக்கு 'கப்' என்ற தொழிற் சான்றிதழ் இருக்கிறது. அதை எடுத்தால் கிறெஷ்களில் சம்பள வேலைக்குப் போகலாம். பிள்ளையை விட வந்தவள் வேலைக்காரியாக, பின்னர் பொறுப்பாளராக வளர ஒரு படிக்கட்டு இருக்கிறது.

இது எப்படி நடக்கிறது?

பெற்றோர் கிறெஷ் என்பது 1901 சட்டச் சங்கமே. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் பெற்றோர். பயிற்சி பெற்ற ஊழியர்களைச் சங்கம் சம்பளத்துக்கு வைக்கும். ஒவ்வொரு பெற்றோரும் பொதுவாக வாரத்தில் அரை நாள் வந்து பிள்ளைகளோடு நிற்பார்கள். அதோடு சமையல், உடுப்புத் தோய்த்தல், சாமான் வாங்குதல், கணக்கு என்று ஒரு பொறுப்பும் இருக்கும். பிள்ளைகளின் எண்ணிக்கை இருபதை ஒட்டியே இருக்க வேண்டும் என்று 2000 ஓகஸ்ட் 1 ஆணை ஒழுங்கு வைத்திருந்தது. செலவில் ஒரு பகுதியை காஃப் தரும், இன்னொரு பகுதியை நகரசபை தரும். மீதியைப் பெற்றோர் தங்கள் வருமானத்துக்கேற்பக் கட்டுவார்கள். மிச்சம் வந்தால் ஆரும் பங்கு போட முடியாது, பிள்ளைகளுக்கே போக வேண்டும். 2014 ஜூலை 31 இல் வந்த சமூக ஒருமைப்பாட்டுப் பொருளாதாரச் சட்டமும் இப்படியான முயற்சிகளைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. பிள்ளைக்கு மூன்று வயதானால் குடும்பம் வெளியேறிவிடும். அதாவது மூன்று வருடத்துக்கு ஒருமுறை தலைவரும் மாறுவார், கணக்குப் பிள்ளையும் மாறுவார். இருபது வருடம் ஒரே தலைவர் இருக்கிற சங்கங்களைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது ஆச்சரியம்தான்! அதனால் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும், புதிதாக வருகிறவரைப் பழைய ஆள் பழக்கிவிட்டுப் போக வேண்டும். இதைச் செய்ய முடியாத இடங்கள் மூடுப்பட்டன, அல்லது பெற்றோர் பொறுப்பை ஊழியர்களிடம் விட்டுச் சாதாரண கிறெஷாக மாறின. செய்தவை பல வருடங்களாக நடக்கின்றன.

வளர்ந்த முயற்சிக்கு எங்கட பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2001 இல் பாரிஸ் 18 ஆம் வட்டாரத்தில் சந்தால் மங்கனே என்ற தாய், தனியே பிள்ளை வளர்த்துக்கொண்டு வேலைக்கும் போனவர், 'மோமார்த்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைக் கூட்டி வந்து, கலைஞர்களோடு படம் கீறவும் நாடகம் பழகவும் விட்டு, பெற்றோர் வேலையால் வரும்வரை பார்ப்பார்கள். கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. ஒரு தாயின் தேவையில் தொடங்கியது பாரிஸின் வேறு வட்டாரங்களுக்கும் நாந்த், மார்செய் போன்ற நகரங்களுக்கும் பரவியது.

ராங்கியை விற்றுக் கட்டிய பள்ளி

இவர்களெல்லாம் இந்த நாட்டுக்காரர், எங்களைப் போல யுத்தத்துக்குள் இருந்து வந்தவர்களா என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஒரு சம்பவம். 1945 ஏப்ரலில் வட இத்தாலி விடுதலை அடைந்தது. ரெஜ்ஜோ எமிலியா நகருக்குப் பக்கத்தில் வில்லா செல்லா என்ற ஊர். ஓடிப்போன ஜெர்மன் படை ஒரு ராங்கியையும் சில லொறிகளையும் குதிரைகளையும் விட்டுவிட்டுப் போயிருந்தது. ஊரார் அவற்றை விற்றார்கள். அந்தக் காசில், குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் கல்லைப் பொறுக்கித் தங்கள் கையாலேயே பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கட்டினார்கள். இதைக் கேள்விப்பட்டு லோரிஸ் மலாகுத்சி என்ற இளம் ஆசிரியர் சைக்கிளில் பார்க்கப் போனார், பிறகு வாழ்நாள் முழுவதும் அந்த வேலையிலேயே நின்றார். 1963 இல் ரெஜ்ஜோ நகரசபை தானே பாலர் பள்ளி தொடங்கியது. இன்று உலகின் பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் அங்கே பழக வருகிறார்கள். யுத்தம் முடிந்த கையோடு அந்தச் சனம் முதலில் கட்டியவற்றில் ஒன்று மூன்று நாலு வயதுப் பிள்ளைகளின் பள்ளி என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாங்கள் செய்யக்கூடியது

ராங்கி விற்கத் தேவையில்லை. சங்கம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, தமிழ்ப் பாடசாலை நடத்திய அனுபவம் இருக்கிறது. முதலில் மூன்று வயதுக்குக் கீழே பிள்ளையுள்ள குடும்பங்களின் பெயரையும், அவர்கள் வேலை செய்யும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதுவோம். பத்துக் குடும்பம் சேர்ந்தால் போய் ஒரு பெற்றோர் கிறெஷை நேரில் பார்ப்போம். இடம் வாடகைக்கு எடுக்கும் முன்பே பி.எம்.ஐ.யோடு கதைப்போம். வெளிச்சம், கழிவறை, சமையலறை, பிள்ளை தூங்கும் அறை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. கடையை எடுத்துவிட்டுப் பிறகு கேட்டால் காசுதான் நட்டம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பூட்டியும் வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டு மாலிக்காரரின் பிள்ளையும், பிரெஞ்சுக்காரரின் பிள்ளையும் சேர்ந்து இருந்தால்தான் எங்கட பிள்ளைக்கு பிரெஞ்சு வரும், அவர்களுக்கும் எங்கட தாலாட்டு தெரிய வரும்.

சுலபமான வேலை என்று நான் சொல்லவில்லை. தொடங்க இரண்டு மூன்று வருடம் எடுக்கலாம். தொடங்குகிற தாயின் பிள்ளை அதற்குள் வளர்ந்துவிடவும் கூடும், பலன் அடுத்தவர் பிள்ளைக்கே போகவும் கூடும். ஊரில் சனசமூக நிலையத்துக்குக் கல் சுமந்தவர்களும் அப்படித்தான் சுமந்தார்கள். வரும் பொதுக்கூட்டத்தில் இந்த விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன். கைக்குழந்தை உள்ள தாய்மார் கட்டாயம் வாருங்கோ, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாருங்கோ. கூட்டம் நடக்கும்போது பிள்ளைகளைப் பார்க்க மண்டபத்தின் பின் அறையில் பாய் விரித்து வைப்போம். முதல் முறை நான் நிற்கிறேன்.